வாளாடிக்குப் போன கடுதாசி

வாளாடி சின்னையா காந்தி மார்க்கெட்டுக்கு வந்தது ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை. அன்றைக்கு இலைக் கடைக்காரர்களிடம் யாரும் நின்று பேச முடியாது. மேலூர்த் தோட்டங்களில் அறுத்த இலை லோடு ஆட்டோக்களில் காவிரிப் பாலம் தாண்டி வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். நுனி இலையைத் தனியாக, நடுத்துண்டான ஏட்டைத் தனியாகப் பிரித்து, கிழிசல் தள்ளி, ஈரச்சாக்கில் சுற்றி வைப்பதற்குள் சமையல்காரர்கள் வந்து தலைமாட்டில் நிற்பார்கள்.

வள்ளிக்கண்ணு சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலை பிரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. வாழைக்கறை ஏறிய விரல்கள் நகத்தடியில் கறுத்திருந்தன. முப்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் புண்ணாகிப் போனபோது "கொஞ்ச நாளைக்கு" என்று கடையில் வந்து உட்கார்ந்தவள்.

"வள்ளிக்கண்ணுங்கறது…"

"நான்தாங்க. நாளைக்கா, நாளன்னிக்கா? நாளைக்குன்னா நுனி எலை இல்லீங்க. ஏடு வேணா தரேன்."

"எலைக்கு வரலீங்க. நான் வாளாடி. பேரு சின்னையா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. யாரென்று பிடிபடவில்லை.

"ரெண்டாயிரத்து ஒண்ணுல உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தோம்," என்றார் அவர்.

வள்ளிக்கண்ணு கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கடைக்காரரிடம், "நிஜாமுதீன் பாய், செத்த கடையப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து டீக்கடைப் பக்கம் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"அம்மா போன மாசம் தவறிட்டாங்க. அவங்க டிரங்குப் பெட்டிய ஒழிச்சப்ப இது கெடச்சுது." பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பழைய தாளை எடுத்தார். "அப்ப எனக்கு இதக் காட்டல. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லையாம், வேணாம்னாங்க. நானும் சரின்னுட்டேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. மூணாம் மாசம் வேற எடத்துல கல்யாணம் ஆயிருச்சு."

"இப்ப எதுக்குங்க இதக் கொண்டாந்தீங்க?"

"கிழிச்சுப் போடத்தான் போனேன். அது இன்னொரு தப்பு பண்ற மாதிரி இருந்துச்சு. ஒங்களுக்கு அப்புறம் எங்கயும் அமையலன்னு கேள்விப்பட்டேன்." அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு அப்படி ஏதும் நோவு…"

"இல்லீங்க. எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல."

சின்னையா டீயைக் குடிக்காமலே போய்விட்டார். அவள் கடைக்கு வந்து மிச்ச இலையையும் பிரித்துக் கட்டினாள். மதியத்துக்கு மேல்தான் தங்கைக்குப் போன் செய்தாள்.

*

தங்கை விஜயராணி கைலாசபுரத்தில் இருந்தாள். கணவன் சுரேஷ்குமாருக்குத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வீடு, முன்னால் இரண்டு வேப்பமரம், காலேஜில் சேர்ந்திருக்கும் ஒரே மகள் தேவதர்ஷினி. ராணி போனை வைத்துவிட்டு, போட்டிருந்த சேலையோடே பஸ் ஏறினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஸ்ரீரங்கம் பஸ் பிடித்து, மேலூர் ரோட்டில் அம்மா வீட்டுக்கு வந்து சேரும்போது மணி நாலு.

வள்ளி அவளைக் கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லுக்குக் கூட்டிப்போய்த் தாளைக் கையில் கொடுத்தாள்.

"கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. பொடிப்பொடியா இருக்கு. நீ படி."

ராணி படித்தாள். பால்பாயிண்ட் பேனாவில், இடது பக்கம் சாய்ந்த கோணல் எழுத்து.

"மரியாதைக்குரிய பெரியவருக்கு, நலம் விரும்பி எழுதுவது. மேலூர் மதுரைவீரன் மூத்த மகளைத் தாங்கள் பார்த்துப் போனதாக அறிகிறேன். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு. பதினாலு வயதில் கொள்ளிடக் கரையில் விழுந்து, கையில் இரும்பு கொடுத்துத்தான் எழுப்பினார்கள். மறைத்துக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள். தங்கள் பிள்ளையின் வாழ்வு கெட வேண்டாம்."

அவள் குரல் எங்கேயும் தடுக்கவில்லை. வேறு யாரோ எழுதியதைப் போல, கூட்டுறவுச் சங்க நோட்டீஸைப் படிப்பதுபோல, கடைசிவரை படித்தாள். பிற்பாடு அவளுக்கு அதை நினைத்தாலே உடம்பு கூசியது.

"என்னமோ ஒண்ண அடிச்சு எழுதியிருக்கு பாரு," என்றாள் வள்ளி. 'அந்தப் பெண்ணுக்கு' என்பதற்கு முன்னால் ஒரு சொல்லைக் கிறுக்கிக் கறுப்பாக்கியிருந்தது.

"ஆமா. எழுத்துப் பிழையா இருக்கும்."

"கொள்ளிடத்துல வெயில் தாங்காம நான் மயங்கி விழுந்தப்ப கூட இருந்தது அத்தை ஒருத்திதான். சாவிக்கொத்த எடுத்துக் கையில வச்சதும் அவதான். இத்தன வருசமா வாயால சொல்லிக்கிட்டிருந்தோம். இப்ப ஆதாரமே வந்திருச்சு. நாளைக்குக் கட முடிச்சு உறையூர் போறோம்."

"எதுக்குக்கா இப்ப? அத்தைக்கு எம்பது வயசு ஆயிருச்சு."

"அவளுக்கு மட்டுந்தான் வயசாச்சா? எனக்கு ஆகல?"

ராணி தாளை மடித்தாள். உள்ளேயிருந்து அம்மா அகிலாண்டம் கூப்பிட்டாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. வாய் மட்டும் கெடவில்லை.

"யாருடி அது?"

"ஒன் சின்ன மவ."

"வந்தவ உள்ள வராம கல்லுகிட்ட என்ன குசுகுசுன்னு?"

வள்ளி உள்ளே போய், அம்மாவைத் தூக்கித் தலையணையில் சாய்த்து, ரசஞ்சோற்றைக் குழைய மசித்து ஊட்டத் தொடங்கினாள். ஊட்டிக்கொண்டே சின்னையா வந்ததைச் சொன்னாள். அகிலாண்டம் மென்றுகொண்டே கேட்டாள். ஒரு தடவை ராணியைப் பார்த்தாள். ராணி ரசக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"பழசப் போயி எதுக்குக் கிளறுற? தூக்கி அடுப்புல போடு," என்றாள் அகிலாண்டம். "உப்பே இல்ல இதுல."

*

ரெண்டாயிரத்து ஒன்றில் வாளாடிக்காரர்கள் வந்து போன பிறகு வீடு பத்து நாள் சந்தோஷமாக இருந்தது. அப்போது வள்ளிக்கு இருபத்தொன்பது, ராணிக்குப் பத்தொன்பது. மதுரைவீரன் காலில் கட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மாப்பிள்ளைக்கு ஆற்றுப் பாசனத்தில் சொந்த நிலம் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வள்ளி மார்க்கெட்டிலிருந்து வந்ததும் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்து விரல் கறையைப் போக்கப் பார்த்தாள். அது போகவில்லை. "மாப்ள கையப் பாத்தா கட்டிக்கப் போறாரு?" என்று ராணி கிண்டல் செய்தாள்.

பதினோராம் நாள் தரகர் வந்தார். சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே சொன்னார்.

"மொட்டைக் கடுதாசி போயிருக்குங்க. பொண்ணுக்கு வலிப்புன்னு. கொள்ளிடத்துல விழுந்த கதையெல்லாம் எழுதியிருக்காம். அவங்க வேணாம்னுட்டாங்க."

அகிலாண்டம் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "வேற யாருக்குத் தெரியும் அது? கூட இருந்தவ ஒங்க தங்கச்சி ஒருத்திதானே! மவனுக்குக் கேட்டா, நம்ம குடுக்கல. அந்த வயித்தெரிச்சலக் கொட்டிட்டா."

அது உண்மைதான். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் மதுரைவீரனின் தங்கை வீராயி தன் மகன் ரெங்கராஜுக்கு வள்ளியைக் கேட்டிருந்தாள். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கா என்று அகிலாண்டம்தான் மறுத்தாள். இருந்தாலும் வீராயி அதற்குப் பிறகும் ஆடிக்கும் பொங்கலுக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள்.

மதுரைவீரன் நொண்டிக்கொண்டே உறையூர் போய்வந்தார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்றா," என்றார்.

"பண்ணுவா. பண்ண மாட்டாளா?" என்றாள் அகிலாண்டம்.

ராணி காலேஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாருக்கோ சொன்னாள்.

அடுத்த வருஷம் முசிறியிலிருந்து ஓர் இடம் வந்தது. அங்கேயும் கடுதாசி போயிற்று. அதோடு தரகர்கள் அந்த வீட்டை மறந்தார்கள். மூன்றாம் வருஷம் ராணியைக் கேட்டு வந்தார்கள். மூத்தவள் இருக்கும்போது எப்படி என்று மதுரைவீரன் தயங்கியபோது, "எனக்காக அவள உக்கார வைக்க வேணாம்," என்று வள்ளிதான் சொன்னாள். ராணி கல்யாணத்துக்கு நுனி இலையாகப் பொறுக்கி அவளே கட்டிக் கொண்டுவந்தாள்.

*

மறுநாள் இரண்டு மணிக்கு அக்காவும் தங்கையும் உறையூரில் இறங்கினார்கள். நாச்சியார் கோயிலுக்குப் பின்னால் போகும் தெருவில் நல்ல வெயில். வள்ளி முன்னால் நடந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்ததால் சேலையில் இலை ஈரம் காயவில்லை. ராணி இரண்டடி பின்னால் வந்தாள். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. மோட்டார் சைக்கிள் வந்ததை ஒரு காரணமாகத் தனக்கே அவள் சொல்லிக்கொண்டாள்.

வீட்டின் முன்பகுதிதான் ரெங்கராஜின் கடை. நீரேற்றும் மோட்டார்களைப் பிரித்துப் போட்டு, நடுவில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். ஐம்பத்தைந்து வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர்களைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு எழுந்தான்.

"வா வள்ளி. வா ராணி." இருபத்து மூன்று வருஷம் கழித்து வந்தவர்களிடம் வேறென்ன சொல்வதென்று தெரியாமல், "வெயில்ல வந்திருக்கீங்க," என்றான். "ரஞ்சனி, தண்ணி கொண்டா," என்று உள்ளே மனைவியைக் கூப்பிட்டான்.

"தண்ணி வேணாம் மாமா. அத்தைய பாக்கணும்."

வீராயி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவமாகச் சுருங்கியிருந்தாள். கண் இரண்டிலும் புரை விழுந்திருந்தது, காதும் கேட்காது. "யாரு?" என்று ரெங்கராஜைக் கேட்டாள். அவன் குனிந்து காதருகே கத்தினான். "மாமா மவளுங்க! வள்ளியும் ராணியும்!"

வீராயி எழுந்து நிற்க முயன்றாள். முடியவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வள்ளி அந்தக் கையைத் தொடவில்லை. தாளைப் பிரித்து ரெங்கராஜிடம் கொடுத்தாள்.

"உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவங்க எழுதினதுதானே, மறந்திருக்கும்."

*

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரெண்டாயிரத்து ஒன்பதில் மதுரைவீரன் இறந்தார். தோட்டத்திலிருந்து எடுத்து வந்த வாழையிலையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பதினோரு மணிக்கு வீராயி கோடித்துணியோடு தெருமுனையில் வந்து நின்றாள். கூடப் பிறந்தவள், முறை அவளுடையது.

வள்ளி பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து ஓடினாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"எங்க வர்ற? எங்க வர்றேன்னு கேக்குறேன்! என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டது போதாதுன்னு அப்பன் மொகத்துல முழிக்க வந்தியா? இந்தத் தெருவுல கால வச்ச, நானும் சேர்ந்து போயிருவேன்!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரு தரம் மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிடறேன் தாயி," என்று வீராயி கெஞ்சினாள். வள்ளி அவள் கையிலிருந்த கோடித்துணியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

அந்த நேரத்தில் ராணி வாசற்படியில் நின்றிருந்தாள். மூன்று வயது தர்ஷினி இடுப்பில் இருந்தாள். "அத்தைய விடுக்கா," என்று சொல்ல இரண்டு சொல் போதும். ராணி குழந்தையின் முகத்தைத் தன் தோளில் சாய்த்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

வீராயி தெருமுனை விளக்குக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து, பாடை போகும்வரை இருந்து, தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

*

ரெங்கராஜ் வெளிச்சத்துக்காகக் கடைப்பக்கம் வந்து, பின்னாலேயே இருவரும் வர, கடுதாசியை ஒருமுறை படித்தான். கோபப்படவில்லை.

"இந்த எழவாலயா இவ்வளவும்?" என்றான். "எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது வள்ளி. கைநாட்டு. ஒனக்குத் தெரியும்ல?"

"நீங்க எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருக்கலாம்." அவன் கண்ணாடியைச் சரிசெய்தான். "எழுதல."

ரஞ்சனி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். யாரும் எடுக்கவில்லை. ரெங்கராஜின் பார்வை அடித்து எழுதிய இடத்தில் நின்றது. "இதென்ன?" என்று தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவினான். "அழுத்தி எழுதியிருக்கு. இங்க புடைச்சிருக்கு பாரு." கம்பி சுற்றும் மேஜைக்குப் போய், அறுந்த இழை தேடும் விளக்கைப் போட்டு அதன் முன்னால் தாளைப் பிடித்தான். கிறுக்கலுக்கு அடியில் முதலில் எழுதிய கோடுகள் அழுத்தமாகத் தெரிந்தன.

"அ… க்… கா…" என்று எழுத்துக்கூட்டினான். "வு… க்… கு." திரும்பவும் படித்தான். "அக்காவுக்கு வலிப்பு உண்டு."

படித்த பிறகுதான் அவனுக்கே புரிந்தது. தாளைப் பிடித்த கையை இறக்கினான். விளக்கை அணைத்தான்.

வள்ளிக்கண்ணு தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். ராணி காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. தானாகச் சொல்லியிருந்தால் இதில் பாதிகூடக் கூசியிருக்காது. அகப்பட்டுக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. அகப்படாமல் போயிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டோம் என்பதும் அதே நொடியில் தெரிந்தது.

"ராணி."

"அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்க்கா. எடது கையால."

"முசிறிக்கும்?"

"முசிறிக்கும்."

உள்ளேயிருந்து வீராயி கேட்டாள். "என்னடா சொல்றாளுவ? எனக்கு ஒண்ணும் கேக்கல."

ரெங்கராஜ் தாளை மேஜைமேல் வைத்தான். "என்னன்னு சொல்லேண்டா," என்று அவள் மறுபடி கேட்டாள். அவன் போய்க் குனிந்து சொன்னான். கேட்கவில்லை. கொஞ்சம் கத்திச் சொன்னான். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் தெரு முழுக்கக் கேட்கும்படி, "கடுதாசி எழுதினது ராணியாம்! அவங்க அம்மா சொல்லி எழுதினாளாம்!" என்று கத்த வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு ரோசரி டீச்சர் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ராணிக்குக் காது இரண்டும் எரிந்தன.

வீராயி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சின்னதா?" என்றாள். "அதுக்கு அப்ப என்ன வயசு?" அவள் புரை விழுந்த கண்ணோடு வள்ளி நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கடுதாசி போனாப் போவுது. அண்ணன் மொகத்தப் பாக்க விடலியேடி நீ."

வள்ளி உள்ளே வந்து கட்டிலடியில் உட்கார்ந்தாள். அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அழும் சத்தம் வரவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. வீராயியின் கை தடவித் தடவி அவள் தலையைக் கண்டுபிடித்தது.

"சோறு தின்னியா?" என்று கேட்டாள் வீராயி.

ராணி கடையில் மோட்டார்களுக்கு நடுவே நின்றிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை.

*

திரும்பும்போது பஸ்ஸில் வள்ளி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "சொல்லு," என்றாள். சத்திரம் வருவதற்குள் ராணி சொன்னது இதுதான்:

அன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போயிருந்தார், நீ கடையில் இருந்தாய். அம்மா கதவைச் சாத்தினாள். அவ போயிட்டா கடைய யாரு பாப்பா, உங்கப்பனால நிக்க முடியுமா, நாளைக்கே ஒன் படிப்ப நிறுத்திட்டு ஒன்னத்தான் சாக்குல உக்கார வைக்கணும், ரெண்டு வருசம் தள்ளிப் போட்டா போதும், அப்புறம் நல்ல எடமா நானே பாக்குறேன் என்றாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னாள். எழுதி முடித்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். காலேஜ் போகும் வழியில் மெயின்கார்டுகேட் தபால் பெட்டியில் நான்தான் போட்டேன்.

"ரெண்டு வருசம்," என்றாள் வள்ளி.

"ஆமா."

"நீ நம்புன?"

ராணி யோசித்தாள். "எனக்கு மார்க்கெட்ல உக்கார பயமா இருந்துச்சு. அவ்வளவுதான் தெரிஞ்சுது."

வள்ளி தன் விரல்களை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். சத்திரத்தில் இருவரும் இறங்கினார்கள். ஸ்ரீரங்கம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. "நீ வராத," என்று சொல்லிவிட்டு வள்ளி ஏறிப் போனாள்.

*

அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் வள்ளிக்கண்ணு அம்மாவை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அருகில் துணிப்பை, மருந்துப் பை, மடக்கிய சக்கர நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் சுரேஷ்குமாரும் தர்ஷினியும் வீட்டில் இருந்தார்கள். ஆட்டோக்காரரும் சுரேஷ்குமாரும் சேர்ந்து அகிலாண்டத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினார்கள்.

வள்ளி உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"காலைல ரெண்டு மாத்திர, வெள்ளையும் மஞ்சளும். ராத்திரிக்கு ஒண்ணு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாயிரும். ரெண்டு கையையும் அடியில குடுத்துக் கொடங்கையில தூக்கு, இழுக்காத."

"பெரிம்மா, நீங்க எங்க போறீங்க?" என்று தர்ஷினி கேட்டாள்.

"உறையூருக்கு. அங்க எங்க அத்தைக்குக் கண்ணுல ஆபரேசன் பண்ணப் போறாங்க. கூட ஒரு ஆளு வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

வள்ளி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "தெரியலடா." ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ராணி வேப்பமரத்தடி வரை ஓடிவந்து, "அக்கா," என்றாள். ஆட்டோ திரும்பியது.

உள்ளே அகிலாண்டம் புதுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "வள்ளி எப்ப வருவா?" என்று கேட்டாள். அரைமணி நேரத்தில் நாலு தடவை கேட்டாள். ராணி கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து ஊட்டினாள். கரண்டியைப் பிடித்த விதம் சரியில்லை, பாதி கழுத்தில் வழிந்தது.

சுரேஷ்குமார் கதவோரம் நின்றார். "என்ன நடந்துச்சு? ஒங்கக்கா இப்படிப் பண்ற ஆளு இல்லியே."

தர்ஷினியும் வந்து நின்றாள். ராணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சொன்னாள். வாளாடி, முசிறி, கடுதாசி எல்லாவற்றையும் சொன்னாள். மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு அப்ப விவரம் தெரியல. அம்மாச்சி சொல்லச் சொல்ல அப்படியே எழுதிட்டேன்," என்று முடித்தாள்.

"பொய்யி," என்றாள் அகிலாண்டம்.

மூவரும் திரும்பினார்கள். அகிலாண்டம் வாய் துடைக்கப்படாமல் கஞ்சியோடு கிடந்தாள். குரலில் கோபமில்லை.

"பொண்ணுக்கு ஒடம்பு அவ்வளவு நல்லால்லன்னு எழுதுன்னுதான் சொன்னேன். வலிப்புன்னு நான் எங்கடி சொன்னேன்? கொள்ளிடம், இரும்பு, அதெல்லாம் நீயா போட்டது. படிச்சுக் காட்டுனப்ப எனக்கே திக்குன்னுச்சு. நல்லாத்தான் எழுதியிருக்கான்னு மடிச்சுத் தபால்ல போடச் சொன்னேன்."

ராணி மறுக்கவில்லை. அது அப்படித்தான். அம்மா சொன்ன வாக்கியம் சப்பென்று இருந்தது, அதை யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. காலேஜில் கட்டுரைக்குப் பரிசு வாங்குகிற பெண் அவள். வீட்டில் எப்போதும் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கொள்ளிடக் கதை ஞாபகம் வந்தது. எழுதும்போது, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எடுத்துப் பார்த்ததில்லை.

 தர்ஷினி துண்டை எடுத்து நனைத்து வந்து அம்மாச்சியின் வாயையும் கழுத்தையும் துடைத்துவிட்டாள். அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் போகாமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். சுரேஷ்குமார் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினார்.

ராணி சமையலறைக்கு வந்து போனை எடுத்தாள். மணி நாலு தடவை அடித்ததும் வள்ளி எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தமும் ரெங்கராஜ் யாரிடமோ பேசுவதும் கேட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பஸ்ல உங்கிட்ட முழுசா சொல்லல. வலிப்புன்னு, கொள்ளிடம்னு அம்மா சொல்லல. அது நானா போட்டது. அத்தை மேல பழி விழுந்ததுக்கும் அதான் காரணம்."

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது. வள்ளியின் மூச்சு கேட்டது.

"இதச் சொல்லத்தான் கூப்பிட்டியா?"

"ஆமாக்கா."

"யாராச்சும் கேட்டுச் சொல்றியா?"

"அம்மா சொல்லிருச்சு. தர்ஷினிக்கு முன்னாடி." பிறகு, "ஆனா உனக்கு யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான்," என்றாள் ராணி.

"ம்."

ராணி திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்றிருந்தது.

"அம்மாவுக்கு மோர் கேக்கும். குடுத்துராத, சளி புடிச்சுக்கும்," என்றாள் வள்ளி. "இனிமே எனக்கு நீ போன் பண்ண வேணாம். ஏதாவதுன்னா மாப்ளய பண்ணச் சொல்லு."

போன் வைத்துவிட்டாள். உள்ளே அகிலாண்டம், தொண்டை வறளுது, கொஞ்சம் மோர் குடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராணி வெந்நீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.